பேடில்போர்டு வாங்கலாமா? மும்பை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

நின்றபடியே துடுப்புப் போட்டுப் போகும் ஸ்டாண்ட்-அப் பேடில்போர்டு பற்றி மும்பை, தானே, நவி மும்பை வாசகர்கள் எழுதிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெரும்பாலும் எல்லாரும் போர்டைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். மும்பையில் இருப்பவர் அதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றிக் கேட்க வேண்டும். அதனால் சில பதில்கள் கேள்வியைத் தாண்டிக் கொஞ்சம் நீண்டிருக்கின்றன.

கேள்வி: விடுமுறையில் நானும் கணவரும் பேடில்போர்டில் ஏறிப் பார்த்தோம். இருவருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. காற்றடிக்கும் வகை போர்டு, துடுப்பு, கைப்பம்ப், பை எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் என்று கடையில் சொன்னார்கள். வாடகை மணிக்கு 800 ரூபாய். எங்களுடையது மூன்றாவது மாடியில் சின்ன ஃப்ளாட். வாங்குவதா, வாடகைக்கே எடுப்பதா?
– வாசகி, செம்பூர்

பதில்: 38,000-ஐ 800-ஆல் வகுத்தால் 48 மணி நேரத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் போலத் தெரியும். அந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, 38,000 முழு விலை இல்லை. பையில் லைஃப் ஜாக்கெட் இருக்காது. இருவருக்கு நல்லதாக இரண்டு வாங்க ஐயாயிரம் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பம்பில் நாலைந்து முறை அடித்ததும் காரில் செருகும் எலெக்ட்ரிக் பம்ப் வேண்டும் என்று தோன்றும். அதற்கு இன்னொரு ஐயாயிரம், ஆறாயிரம். தண்ணீர் புகாத பை, போன் உறை என்று சில்லறைச் செலவுகளும் உண்டு. மொத்தம் 50,000. மணிக்கு 800 என்றால் 62 மணி நேரம் ஓட்டியாக வேண்டும்.

இரண்டாவது ஓட்டை பெரியது. அந்த 62 மணி நேரத்தை மும்பையில் எத்தனை வருடத்தில் ஓட்ட முடியும்? மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை மழைக்காலக் கடலில் நீர் விளையாட்டுகளுக்குத் தடை. செப்டம்பரிலும் கடல் முழுதாக அடங்குவதில்லை. மிச்சமிருக்கும் எட்டு மாதத்தில் ஏறக்குறைய 35 ஞாயிற்றுக்கிழமைகள். கரை ஓரம் போக காலையில் ஹை டைட், அதாவது கடல் நீர் ஏறி நிற்கும் நேரம் வேண்டும். நீர் இறங்கிய லோ டைட் என்றால் சேற்றிலும் பாறையிலும் போர்டைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டியிருக்கும். ஹை டைட் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகிறது. ஏழு நாளில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அதாவது இந்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஹை டைட் என்றால், அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் லோ டைட். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறுதான் உங்களுக்குக் கிடைக்கும். 35 அப்படியே 17 ஆகிவிடும். கல்யாணம், பிள்ளைகளின் பரீட்சை, பலத்த காற்று, ஊருக்குப் போகிற வாரம் எல்லாம் கழிந்தால் பத்து நாள் மிஞ்சினால் நல்லது.

ஒரு நாளைக்கு நீங்கள் இருவரும் மாறி மாறி இரண்டரை மணி நேரம் ஓட்டுவதாக வைத்துக்கொண்டால், பத்து நாளில் 25 மணி நேரம். வருடத்துக்கு 20,000 ரூபாய் வாடகை மிச்சம். இரண்டரை வருடத்தில் பணம் திரும்பும். ஆறு நாள்தான் என்றால் 12,000 மிச்சம். நாலு வருடம் தாண்டும். மும்பை ஈரப்பதத்திலும் வெயிலிலும் ஒரு நடுத்தர விலைப் போர்டு ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நாலைந்து வருடம் உழைக்கும். ஆகவே வருடத்துக்கு ஆறு நாளுக்குக் குறைவாகப் போகிறவர் வாங்கவே வேண்டாம். பத்து நாளுக்கு மேல் போகிறவர் தயங்க வேண்டாம்.

நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அக்டோபர், நவம்பர் இரண்டு மாதத்தில் நாலு ஞாயிறு அதிகாலையில் எழுந்து போய் வாடகைக்கு எடுங்கள். விடுமுறையில் ஏறிய அனுபவத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்; அங்கே ஐந்து மணிக்கு எழுந்து பால் வாங்கி வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டிய வேலை இல்லை. நாலில் மூன்று முறையாவது போனீர்களானால் வாங்குங்கள். ஏப்ரலில் மட்டும் வாங்காதீர்கள். ஐந்தாறு வாரம் ஓட்டிவிட்டு நாலு மாதம் பரணில் வைக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது மாடி என்பதால் காற்றடிக்கும் வகைதான். மடிக்க முடியாத கெட்டியான எபாக்ஸி போர்டு 10 அடி 6 அங்குலம், அதாவது 3.2 மீட்டர். லிஃப்டில் நுழையாது, மாடிப்படித் திருப்பத்தில் மடங்காது, சொசைட்டி பார்க்கிங்கில் வைத்தால் கேள்வி வரும். காற்றடிக்கும் போர்டைச் சுருட்டினால் முக்கால் ஆள் உயரம்கூட இல்லாத முதுகுப்பையில் அடங்கிவிடும். சாமான்களுடன் 14, 15 கிலோ.

கேள்வி: பவாய் ஏரிக்கு எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடம். விஹாரும் அருகில்தான். அங்கேயே ஓட்டலாமே? இல்லையென்றால் எங்கே போவது?
– வாசகர், முலுண்ட்

பதில்: பவாய் ஏரியில் முதலைகள் இருக்கின்றன. வதந்தி இல்லை, கரையிலிருந்தே பார்க்கக் கிடைக்கிற சதுப்புநில முதலைகள்தான். கழிவுநீரும் ஆகாயத்தாமரையும் வேறு. அந்த ஏரியை மறந்துவிடுங்கள். விஹாரும் துளசியும் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள்; உள்ளே இறங்க அனுமதி இல்லை. தான்சா, வைதர்ணா, பாட்சா அணைகளும் அதே வகை. தானேயின் மசுந்தா ஏரியில் படகுச்சவாரி இருக்கிறது என்பதற்காகச் சொந்தப் போர்டை இறக்கிவிட முடியாது.

கடல் பக்கம் வந்தால், புதிதாகத் தொடங்குகிறவருக்கு கிர்காவ் சௌபாத்தியின் வளைந்த கரை மற்ற கரைகளைவிட அமைதியானது. சர்னி ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் சாலையைக் கடந்தால் போதும். ஞாயிறு முதல் வண்டிகளில் லக்கேஜ் டப்பாவில் பையோடு ஏறிவிடலாம். வார நாள் காலையில் அந்தப் பையோடு லோக்கலில் ஏற நினைக்காதீர்கள். தண்ணீரின் சுத்தத்தில் குறை உண்டு. காலில் புண் இருந்தால் இறங்க வேண்டாம். 2013-இல் கணபதி விசர்ஜனத்தின்போது இதே கரையில் திருக்கை மீன்கள் பலரைக் கொட்டின. ஆழமில்லாத இடத்தில் காலைத் தூக்கி வைத்து நடக்காமல், மணலில் உரசி உரசி நடந்தால் திருக்கை விலகிப் போய்விடும்.

ஜூஹு, வெர்சோவாவில் அலை உடைகிறது; கற்றுக்கொள்ள ஏற்ற இடமில்லை. அக்ஸா வேண்டவே வேண்டாம். நல்ல நீச்சல்காரர்களையே இழுத்துக்கொண்டு போன கரை அது. மழைக்காலத்தை ஒட்டி நீலநிறப் பை போல ஏதாவது கரையில் ஒதுங்கிக் கிடந்தால் அன்று திரும்பிவிடுங்கள். அந்தப் ‘புளூ பாட்டில்’ உயிரியின் இழை தண்ணீருக்கு அடியில் மீட்டர் கணக்கில் நீளும். செத்த பிறகும் கொட்டும்.

கார் இருந்தால் லோனாவாலா பக்கம் பவனா அணையின் நீர்ப்பரப்பு நல்லது. அங்கே டைட் கவலை இல்லை என்பதால் எல்லா ஞாயிறும் உங்கள் ஞாயிறுதான். ஆனால் போக மட்டும் நூறு கிலோமீட்டருக்கு மேல். அக்டோபரில் அணை நிறைந்திருக்கும். மார்ச், ஏப்ரலில் நீர் இறங்கும்போது சேறும், மூழ்கிக் கிடந்த மரக்கட்டைகளும், மீன் வலைகளும் மேலே வரும். போர்டுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்பு போன்ற ஃபின் அவற்றில்தான் மாட்டும். உள்ளூர்க்காரர்களிடம் எங்கே இறங்கலாம் என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். பதினொரு மணிக்குமேல் பள்ளத்தாக்கில் காற்று எழும். அதற்குள் கரை ஏறிவிடுங்கள்.

கேள்வி: வாஷி பாலத்துக்குக் கீழே தண்ணீர் அமைதியாக இருக்கிறதே?
– வாசகர், நவி மும்பை

பதில்: அந்தப் பாலத்துக்குக் கீழே இருப்பது தானே கழிமுகம். அது ஃபிளமிங்கோ சரணாலயமாக 2015-இல் அறிவிக்கப்பட்டது, 2022-இல் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பறவைகளுக்குள் போர்டில் புகுவது தவறு. உங்களுக்கும் நல்லதில்லை. டைட் இறங்கினால் கரைக்கும் உங்களுக்கும் நடுவே நூறு மீட்டர் சேறு கிடக்கும். முழங்காலுக்கு மேல் புதையும் சேற்றில் 10 கிலோ போர்டை இழுத்துக்கொண்டு நடக்க யாராலும் முடியாது.

கேள்வி: காலை ஆறரை மணிக்குக் கடல் அசைவே இல்லாமல் இருக்கிறது. அந்த நேரம் போனால் ஆபத்து இல்லைதானே?
– வாசகர், மாட்டுங்கா

பதில்: மும்பையில் போர்டு வாங்குகிற எல்லாரும் படித்துவிட்டு வாங்க வேண்டிய கேள்வி இது.

டிசம்பர், ஜனவரி காலைகளில் இங்கே காற்று கிழக்கிலிருந்து, நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கரையில் நிற்கும் கட்டடங்கள் அந்தக் காற்றை மறைக்கின்றன. அலையெழுப்ப அதற்குத் தூரமும் கிடைப்பதில்லை. அதனால்தான் கரையோரம் நீர் அசையாமல் தெரிகிறது. முந்நூறு மீட்டர் உள்ளே போனதும் கட்டட மறைப்பு விலகி, காற்று முதுகில் பிடித்துத் தள்ளும். போகும்போது “இவ்வளவு சுலபமா!” என்று தோன்றும். திரும்பும்போதுதான் தெரியும். நின்றுகொண்டிருக்கும் மனித உடல் நல்ல பாய்மரம். மணிக்கு 18 கிலோமீட்டர் காற்றை எதிர்த்துப் புதியவர் துடுப்புப் போட்டால் நின்ற இடத்திலேயே நிற்பார். பத்து, பதினொரு மணிவாக்கில் காற்று திசை மாறிக் கடலிலிருந்து வீசத் தொடங்கும். அது உங்களைக் கரைக்குத்தான் தள்ளும், ஆனால் அலை எழுப்பும். ஆகப் பயமுறுத்துவது பத்து மணிக் காற்று, உண்மையில் ஆபத்தானது ஆறரை மணிக் காற்று.

செய்ய வேண்டியது இது. கிளம்புமுன் கரையில் கொடியோ புகையோ எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். கடல் பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தால் அன்று வேண்டாம். லேசாக இருந்தால் இறங்கி, ஐந்து நிமிடம் ஓட்டி, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா உட்காருங்கள். போர்டு எங்கே நகர்கிறது என்று கரையிலுள்ள இரண்டு பொருள்களை வைத்துக் கணியுங்கள். முதல் பாதியை எப்போதும் காற்றை எதிர்த்தே ஓட்டுங்கள். களைத்த பிறகு காற்று உதவும். கடலுக்குள் தள்ளினால் உடனே மண்டியிடுங்கள். அதுவும் போதாவிட்டால் குப்புறப் படுத்து, துடுப்பை நெஞ்சுக்கடியில் வைத்துக்கொண்டு இரு கைகளாலும் நீரைத் தள்ளுங்கள். எது நடந்தாலும் போர்டை விட்டுவிட்டு நீந்தாதீர்கள்.

காற்றுக்கு மேல் டைட்டின் இழுப்பு. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஹை டைட்டுக்கும் லோ டைட்டுக்கும் நடுவே நாலு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். அது ஆறு மணி நேரத்தில் இறங்குகிறது என்றாலும் ஒரே சீராக இறங்குவதில்லை. முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவது நான்காவது மணிகளில் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. நாலு மீட்டர் என்றால் நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் இரண்டு மீட்டர் நீர் வெளியேறுகிறது. அதனால் ஹை டைட்டுக்கு ஒன்றரை மணி முன் இறங்கி, ஹை டைட் முடிந்த ஒரு மணிக்குள் ஏறிவிட வேண்டும்.

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே இதற்கு உதவும். அமாவாசை, பௌர்ணமி, அதற்கடுத்த இரண்டு நாட்கள் நீர் அதிகம் ஓடும். அஷ்டமி, நவமி, தசமியில் ஏற்றமும் இறக்கமும் குறைந்து, இழுப்பும் தணிந்திருக்கும். அஷ்டமி நவமியில் புதுக் காரியம் தொடங்கத் தயங்குவோம்; முதல்முறை போர்டில் ஏற அதைவிட நல்ல நாள் கிடையாது. நேரத்துக்கு மட்டும் மும்பைக்கான டைட் அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் எடை 96 கிலோ, உயரம் 5 அடி 9. ஏழு வயது மகளை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போக ஆசை. கடையில் 10 அடி போர்டு “130 கிலோ வரை தாங்கும்” என்கிறார்கள்.
– வாசகர், டோம்பிவிலி

பதில்: தாங்கும் என்றால் மூழ்காது என்றுதான் பொருள். நன்றாக ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. எழுதியிருக்கும் எடையில் எழுபது சதவீதம்தான் நடைமுறை. மகள் 22 கிலோ என்றால் இருவரும் 118. அதற்கு 170 கிலோ என்று போட்டிருக்கும் போர்டு வேண்டும். 11 அடி நீளம், 34 அங்குல அகலம், 6 அங்குலக் கனம் என்று கேளுங்கள். 5 அங்குலக் கனத்தில் மலிவாகக் கிடைப்பது உங்களுக்கு ஆகாது. செம்பூர் வாசகிக்கும் கணவருக்கும் 10 அடி 6, 32 அங்குலம் போதும்.

போர்டுக்குள்ளே இருப்பது வெறும் காற்றுப்பை இல்லை. மேல்துணியையும் கீழ்துணியையும் ஆயிரக்கணக்கான நெருக்கமான நூல்கள் செங்குத்தாக இணைத்திருக்கும். அதன்மேல் பிவிசி பூச்சு. காற்று அழுத்தும்போது அந்த நூல்கள் விறைத்து நிற்பதால்தான் போர்டு தட்டையாகவும் கெட்டியாகவும் இருக்கிறது. அழுத்தம் குறைந்தால் நூல் தளரும், நடுப்பகுதி கயிற்றுக்கட்டில் போலத் தொய்யும், முன்னும் பின்னும் மேலே எழும், ஆட்டம் காணும். “எனக்குச் சமநிலை வரவில்லை” என்று சொல்லும் கனமானவர்களில் பலருக்குக் குறை காலில் இல்லை, காற்றில்தான். 15 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) வேண்டிய போர்டை 10-இல் நிறுத்திவிடுகிறார்கள், கை ஓய்ந்துபோவதால்.

கைப்பம்பில் 15 எட்ட இருநூறு, முந்நூறு அடி அடிக்க வேண்டும். இருவழிப் பம்பை, அதாவது இழுக்கும்போதும் அழுத்தும்போதும் காற்று போவதை, 8 பிஎஸ்ஐ வந்ததும் ஒருவழிக்கு மாற்றுங்கள். பம்பில் இருக்கும் சின்ன அடைப்பைக் கழற்றினால் மாறிவிடும். அழுத்தமானி 6, 7 வரை அசையாமலே இருக்கும். பம்ப் கெட்டுவிட்டது என்று நினைத்து நிறுத்தாதீர்கள்.

துடுப்பு உங்கள் உயரத்தைவிட 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளமாக இருக்கட்டும். உங்களுக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர். அதன் இலை முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கைக்கு இயல்பாகத் தோன்றுவதால் புதியவர்கள் நீரை அள்ளுகிற மாதிரி திருப்பிப் பிடிக்கிறார்கள். ஃபின் 20 சென்டிமீட்டருக்கு மேல் கீழே இறங்கியிருக்கும். அதனால் முழங்கால் ஆழம் வந்த பிறகு ஏறுங்கள். திரும்பும்போது அதே ஆழத்தில் இறங்கிவிடுங்கள். ஓட்டிக்கொண்டே கரைக்கு வந்தால் ஃபின் மணலில் குத்தி, போர்டு சட்டென்று நிற்க, முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தை தலைகீழாக விழும்.

குழந்தைக்கு அவள் எடைக்கான ஜாக்கெட்டை வாங்குங்கள். பெரியவர் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டுவது பாதுகாப்பில்லை. தோளைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அளவு தப்பு. முதலில் நீங்கள் தனியாக ஐந்தாறு முறை போய் விழுந்து ஏறிப் பழகிய பிறகே அவளை ஏற்றுங்கள்.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. ஜாக்கெட் போட்டால் போதாதா?
– வாசகி, தாராவி

பதில்: போதாது. தயவுசெய்து போர்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் நீச்சல் வகுப்பில் சேருங்கள். மாநகராட்சிக் குளங்கள் தாதர் சிவாஜி பார்க்கிலும் செம்பூரிலும் இருக்கின்றன. ஆழத்தில் விழுந்து, பதறாமல் மேலே வந்து, ஐம்பது மீட்டர் நிற்காமல் நீந்த வந்துவிட்டால் ஏறலாம். ஜாக்கெட் அப்போதும் கழற்றக் கூடாது; 50 நியூட்டன் மிதவை உதவி நீச்சல் தெரிந்தவருக்கானது, நினைவிழந்தவரின் முகத்தை அது மேலே திருப்பாது.

திரும்ப ஏறுவதைத்தான் அதிகம் பழக வேண்டும். விழும்போது போர்டிலிருந்து விலகி, நீர்மேல் தட்டையாக விழுங்கள். காலை நேராக விட்டால் அடியில் பாறை இருக்கலாம். பிறகு நடுக் கைப்பிடிக்கு வந்து, ஒரு கையால் அதைப் பிடித்து, கால்களை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து உதைத்துக்கொண்டே வயிற்றை மேலே இழுங்கள். காலைத் தொங்கவிட்டுக் கையால் மட்டும் இழுத்தால் போர்டு கவிழ்ந்து உங்கள் மேலேயே விழும்.

கேள்வி: ஒரு வருடப் பழைய போர்டு. மாலை 15 பிஎஸ்ஐ அடித்து வைத்தால் காலையில் 11 காட்டுகிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா?
– வாசகர், அந்தேரி

பதில்: வேண்டாம், முதலில் வெப்பத்தைக் கழியுங்கள். 35 டிகிரி மாலையில் 15 அடித்தது, 22 டிகிரி காலையில் எதுவும் கசியாமலே 13¾ ஆகும். மிச்ச இரண்டேமுக்கால்தான் கசிவு.

பத்தில் ஒன்பது முறை குற்றவாளி வால்வு. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஸ்பிரிங்கோடு ஒரு ஊசி. அதன் அடியில் ஒரு ரப்பர் வட்டு. ஊசி மேலே எழுந்திருந்தால் மூடியது, அழுத்தித் திருப்பிக் கீழே நின்றால் திறந்தது. அந்த வட்டுக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரே ஒரு மணல் துகள் உட்கார்ந்தால் போதும், இரவெல்லாம் காற்று போகும். போர்டில் கொஞ்சம் காற்று வைத்து, ஊசியை டக் டக்கென்று நாலு முறை அழுத்தி விடுங்கள். வெளியே வரும் காற்று துகளை ஊதித் தள்ளிவிடும். பிறகு 15 அடித்து, பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து வால்வைச் சுற்றி ஊற்றுங்கள். ஊசி பக்கம் குமிழ் வந்தால் துகள் இன்னும் இருக்கிறது. வால்வுக்கும் போர்டுக்கும் சேருமிடத்தில் வந்தால் வால்வு தளர்ந்திருக்கிறது: காற்றை முழுதாக இறக்கி, போர்டோடு வந்த பிளாஸ்டிக் சாவியால் இறுக்குங்கள். காற்றோடு இறுக்கினால் பின்பக்கச் சட்டம் கூடவே சுற்றும், பலன் இருக்காது.

வால்வு சரியென்றால் ஓரத் தையல், ஃபின் பெட்டி, வளையங்கள் என்று சோப்புநீரைக் கொண்டுபோங்கள். நடுப்பரப்பில் சின்ன ஓட்டை என்றால் வீட்டிலேயே ஒட்டலாம். காற்றை இறக்கி, அந்த இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் வருமாறு பிவிசி துண்டை, முனைகளை வட்டமாக்கி வெட்டுங்கள். இரண்டு பரப்பிலும் மெல்லிய பசை, பத்து நிமிடம் காயவிட்டு இன்னொரு பூச்சு, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும்போது ஒட்டி, நடுவிலிருந்து வெளியே தேயுங்கள். மேலே பாரம் வைத்து 24 மணி நேரம் விடுங்கள். மழைக்கால ஈரத்தில் இந்த வேலை செய்தால் பசை பிடிக்காது. பிவிசிக்கான பாலியூரித்தேன் பசை தவிர வேறெதுவும் நிற்காது. ஓரத் தையலே பிரிந்திருந்தால் ரப்பர் படகு பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அங்கே கேட்கும் தொகை புதுப் போர்டின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் விட்டுவிடுங்கள்.

தையல் பிரிவதற்கு வழக்கமான காரணம் வெயில். 25 டிகிரியில் 15 அடித்த போர்டு, மணலில் கிடந்து 50 டிகிரி சூடானால் உள்ளே பதினேழரை ஆகும். தண்ணீரை விட்டு ஏறியதும் நிழலில் வைத்து 3, 4 பிஎஸ்ஐ இறக்கிவிடுங்கள். மே மாதம் கார் டிக்கியில் பையோடு விட்டுப் போகாதீர்கள். பசைக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை.

கேள்வி: பழைய போர்டு 15,000-க்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்க?
– வாசகர், தானே

பதில்: காற்றடித்துக் காட்டச் சொல்லி, ஒரு இரவு அப்படியே வைத்திருந்து மறுநாள் போய்ப் பாருங்கள். பரப்பில் எங்காவது கொப்புளம் போலப் புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. எந்த விலைக்கும் வேண்டாம். ஓரப் பட்டை உரிகிறதா, ஃபின் பெட்டியில் விரிசல் இருக்கிறதா, ஃபின்னும் அதன் திருகாணியும் கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பூஞ்சைக் கறை பார்வைக்குத்தான் அசிங்கம், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

கேள்வி: மழைக்காலம் முழுக்க எப்படி வைப்பது?
– வாசகி, சயான்

பதில்: நல்ல தண்ணீரில் கழுவுங்கள், வால்வின் உட்குழியையும் ஃபின் பெட்டியையும் சேர்த்து. மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாள் காயவிடுங்கள். மும்பை ஜூனில் ஒரு நாள் போதாது. பிறகு தளர்வாகச் சுருட்டுங்கள். இறுக்கிச் சுருட்டி அதே மடிப்பில் நாலு மாதம் வைத்தால் மடிப்பில் வெடிப்பு விழும். கட்டிலுக்கடியில் இடமிருந்தால் இரண்டு பிஎஸ்ஐயோடு தட்டையாக வைப்பது இன்னும் நல்லது. பரண் சரி, பால்கனி சரியில்லை. மூன்று துண்டுத் துடுப்பைக் கழற்றி வையுங்கள். உப்போடு சேர்த்து மூட்டிய அலுமினியத் துடுப்பு அக்டோபரில் கழலாது.

கேள்வி: கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலி போவோம். போர்டையும் கொண்டுபோகலாமா? தாமிரபரணியில் ஓட்டலாமா? ராமேஸ்வரம் பக்கம் எப்படி?
– வாசகர், கோரேகாவ்

பதில்: ரயிலில் பை கீழ் இருக்கைக்கு அடியில் படுக்கையாக நுழைந்துவிடும், துடுப்பைத் தனியாகக் கட்டாமல் பைக்குள்ளேயே வையுங்கள்.

ராமேஸ்வரத்தில் தீவின் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் சரியாக இருப்பதில்லை. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், வடக்கே பாக் நீரிணைப் பக்கம் அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவத்தில் நிலை மாறும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் ஏறாதீர்கள்.

தாமிரபரணிக்கு மும்பைக் கடலில் பழகிய பழக்கம் இரண்டை மாற்றியாக வேண்டும். போர்டோடு சேர்த்துக் கணுக்காலில் கட்டும் லீஷ் கயிறு, நிற்கும் நீரிலும் கடலிலும் உயிர் காக்கும். ஓடும் ஆற்றில் அதுவே உயிரை எடுக்கும். கயிறு முள்மரத்திலோ பாலத்தூணிலோ சுற்றிக்கொண்டால், நீர் வேகம் உடலை நீட்டிப் பிடித்துக்கொள்ளும். குனிந்து கணுக்காலை எட்டவே முடியாது. ஆற்றில் இடுப்பில் கட்டி, ஒரே இழுப்பில் கழலும் பெல்ட் மட்டும். அது இல்லையென்றால் ஆற்றில் போர்டை இறக்காதீர்கள்.

இரண்டாவது, அணைக்கட்டுகள். மருதூர், ஸ்ரீவைகுண்டம் போன்ற கட்டுகளின்மேல் நீர் வழியும்போது மேலிருந்து பார்த்தால் வெறும் கோடுதான் தெரியும். அடியிலோ நீர் விழுந்து சுழன்று மேல்பக்கமே திரும்பி வரும். ஜாக்கெட் போட்டவரையும் அந்தச் சுழல் வெளியே விடாது. கட்டுக்கு மேல்பக்கம் இருநூறு மீட்டருக்குள் போகாதீர்கள், கீழ்ப்பக்கத்திலிருந்து நெருங்கவும் வேண்டாம். மே மாதத்தில் நீர் குறைந்து கட்டுக்கு மேல் தேங்கிக் கிடக்கும் பகுதி, வழிந்தோடாத நாளில், காலை எட்டு மணிக்குள் ஓட்ட ஏற்றது. அன்று பாபநாசத்தில் தண்ணீர் திறந்துவிடுகிறார்களா என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.